தண்டவாளம் இங்கே மாறியது, மின்சாரம் அங்கே மாறியது

1931-ல் சென்னை பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் விட்டார்கள். தென்னிந்தியாவில் அதுதான் முதல். பாதை மீட்டர் கேஜ். கம்பியில் ஓடியது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அறுபதுகளின் பிற்பகுதியில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரம் ஆனது. இந்தியாவிலேயே மின்கம்பி போட்ட மீட்டர் கேஜ் பாதையாக இருந்தது இது ஒன்றுதான். குரோம்பேட்டையில் வளர்ந்த எங்களுக்கு அந்த அருமையெல்லாம் தெரியாது. விழுப்புரம் வரை நீண்ட அந்தக் கம்பி எல்லா ஊரிலும் இருக்கிற சமாச்சாரம் என்றே நினைத்திருந்தோம். 2004-ல் மீட்டர் கேஜ் வண்டிகள் நின்றுபோயின. ஒரு மீட்டராக இருந்த இடைவெளி 1,676 மில்லிமீட்டராக அகன்றது. மேலே கம்பியில் மட்டும் அதே 25,000 வோல்ட்.

லெகோ ரயிலின் கதை இதற்கு நேர்த் தலைகீழ். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரிலிருந்து வரும் அந்த பிளாஸ்டிக் கட்டைக்கு 1958-ல் காப்புரிமை கேட்டார்கள். மோட்டார் வைத்த ரயில் 1966-ல் வந்தது. அன்றைக்கு இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே விட்ட இடைவெளி ஏறத்தாழ 37.5 மில்லிமீட்டர். இன்றைக்கும் அதே இடைவெளிதான். மின்சாரம்தான் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தது. முதலில் 4.5 வோல்ட், பேட்டரியை வண்டியே சுமந்தது. 1968-ல் விசில் ஊதினால் நிற்கிற வண்டிகூட ஒன்று விட்டார்கள். 1969-ல் 12 வோல்ட். பாதையின் நடுவில் மின்சாரத்துக்கென்று தனிப் பட்டைகள். 1991-ல் 9 வோல்ட். தண்டவாளமே உலோகம், சக்கரம் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் ஏறும். 2006-ல் முழு பிளாஸ்டிக் பாதைக்கும் பேட்டரிக்கும் திரும்பினார்கள்; பிறகு 9 வோல்ட்டையும் கைவிட்டார்கள். அப்போது ரிமோட் இன்ஃப்ராரெட்டில் வேலை செய்தது. வெயில் நேராக விழுகிற இடத்தில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. 2018-லிருந்து புளூடூத்.

ஆக, தாத்தா 1966-ல் வாங்கிய பெட்டியின் சக்கரத்தைப் பேரன் இன்றைய லெகோ தண்டவாளத்தில் வைத்து உருட்டலாம். 1966-ல் தாம்பரத்தில் ஓடிய எந்தப் பெட்டியையும் இன்றைய தாம்பரத்தில் வைத்து உருட்ட முடியாது.

ஆனால் அந்தத் தாத்தா தாம்பரத்துக்காரராக இருந்திருக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் பொம்மை ரயிலுக்கு வேளை வருவது நவராத்திரியில்தான். படியில் பொம்மை அடுக்குவது அம்மா, அத்தை, அக்காமார் பொறுப்பு. கீழே ‘பார்க்’ போடுவது பையன்கள் வேலை. பக்கத்தில் எங்கே வீடு கட்டினாலும் அங்கிருந்து ஒரு வாளி மணல் வந்துவிடும். ஒரு வாரத்துக்கு முன்பே தட்டில் தெளித்து வைத்த கேழ்வரகும் கடுகும் முளைத்துப் புல்வெளி ஆகும். அப்பா சவரம் செய்யும் கண்ணாடி குளமாகும். அதைச் சுற்றி, வீட்டில் இருந்தால், தகர ரயில்.

சாவி கொடுக்கிற ரயில் அது. தகரத் தண்டவாளத்தின் ஒரு முனையில் நாக்கு, மறு முனையில் துளை. சொருகி வட்டமாக்க வேண்டும். இரண்டு நவராத்திரி கடந்தால் நாக்கு மடங்கி, இணைப்பில் நூல் அளவு இடைவெளி விழும். சாவி முறுக்கிய வேகத்தில் வண்டி முதல் சுற்றிலேயே அந்த இடத்தில் தடம் புரளும். தப்பித்துப் போனால் நாலாவது சுற்றில் மூச்சு வாங்கும். பார்க் மணல் ஒரு சிட்டிகை பல்சக்கரத்துக்குள் புகுந்தால் அந்த வருஷத்தோடு சரி. திறந்து துடைக்கலாம் என்றால், தகரக் காதுகளை மடக்கித்தான் உடம்பையே மூடியிருப்பார்கள். ஒருமுறை நிமிர்த்தினால் பிறகு ஒட்டாது. உள்ளே சுருள்வில் எப்படிச் சுற்றியிருக்கிறது என்று பார்த்த பையனுக்கு ரயில் போச்சு. பார்க்காதவனுக்கு ரயில் மிச்சம்.

தகர ரயிலும் இல்லாத வீட்டில் தீப்பெட்டிதான். பெட்டிக்குப் பெட்டி நூல், நூல் நழுவாமலிருக்க உள்ளே ஒரு குச்சி, சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான். என் கணக்கில் இந்தத் தீப்பெட்டி வண்டிதான் லெகோவுக்கு முன்னோடி, தகர ரயில் அல்ல. வேண்டுகிற அளவு பெட்டி சேர்க்கலாம், கழற்றலாம், நாளைக்கு லாரியாக்கலாம். மெக்கானிக்ஸ் என்று துளை போட்ட பட்டைகளும் நட்டு போல்ட்டும் கொண்ட பெட்டியும் சில வீடுகளில் இருந்தது. அதில் கிரேன் நன்றாக வரும், ரயில் வராது.

வெளிநாட்டு ரயில் செட் என்றால் துபாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு மாமா வேண்டும், அல்லது பர்மா பஜாருக்குப் போய்ப் பேரம் பேசத் தெரிந்த அப்பா வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 2001-ல் விலகிய பிறகே பொம்மைக் கடைகளின் முகம் மாறியது. இப்போது கட்டுப்பாடு வேறு உருவத்தில் இருக்கிறது. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கவும் கூடாது. மோட்டார் வைத்த லெகோ ரயில் செட் இங்கே ஐந்து இலக்க விலைக்குப் போவதில் ஆச்சரியமில்லை. அடிப்படைக் கட்டையின் காப்புரிமை காலாவதியாகி வெகுகாலம் ஆகிவிட்டதால், அதே அளவில் பொருந்துகிற வேறு கம்பெனிக் கட்டைகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. ரயில் கட்டுகிற பல வீடுகளில் மோட்டார் ஒரிஜினல், பெட்டி கலப்படம்.

சேலையூரில் என் தம்பி வீட்டில் அப்படித்தான். செட்டோடு வந்தது ஐரோப்பிய வேக ரயில். தம்பி மகன் அதை ஒரு மாதம் ஓட்டிவிட்டுப் பிரித்துப் போட்டான். ஜன்னலைத் திறந்தால் கேட்கிற ரயிலைக் கட்ட வேண்டுமாம். முதல் கேள்வி என்னிடம் வந்தது: “பெரியப்பா, மேல கம்பியே இல்லாம பேன்டோ எதுக்கு?” நியாயமான கேள்வி. கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கிற பேன்டோகிராஃப், பொம்மையின் கூரைமேல் வெறும் அலங்காரம். நிஜ ரயில் கரியைச் சுமப்பதை விட்டுக் கம்பிக்குப் போனது. பொம்மை ரயில் தண்டவாளத்து மின்சாரத்தை விட்டு, ஆறு சின்ன பென்சில் செல்களை வயிற்றில் கட்டிக்கொண்டது.

அடுத்தது அளவு. 1,676 மில்லிமீட்டரை 37.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 45. நிஜத்தை 45-ல் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். எலக்ட்ரிக் ட்ரெயின் பெட்டியின் அகலம் 3.66 மீட்டர்; சுருக்கினால் ஏறத்தாழ 81 மில்லிமீட்டர். லெகோவில் குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர் என்பதால் பத்துக் குமிழ் அகலம் வேண்டும். கம்பெனி செட்டில் வருவதோ ஆறு குமிழ்ப் பெட்டி. காலை எட்டரை மணிக்குப் பல்லாவரத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த ஆறு குமிழில் யார் நிற்பது என்று தோன்றும். ஆர்வமாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் எட்டில் சமாதானம் ஆகிறார்கள். நீளத்தில் சமாதானம் இன்னும் அதிகம். ஒரு பெட்டி 46 சென்டிமீட்டர் வரும். பன்னிரண்டு பெட்டி என்றால் ஐந்தரை மீட்டர், ஹாலில் தொடங்கிச் சமையலறையில் முடியும். போதாக்குறைக்கு, லெகோ வளைவு பதினாறு துண்டில் முழு வட்டம் ஆகிவிடும், அதன் விட்டம் 64 சென்டிமீட்டர்தான். அந்த வளைவில் 46 சென்டிமீட்டர் பெட்டி திரும்பாது. அகன்ற வளைவுகளை வெளி ஆட்கள் தயாரித்து விற்கிறார்கள், ஆனால் அதற்கு அகன்ற வீடு வேண்டும். சிட்லபாக்கத்தில் முற்றமும் காவித் தரையுமாக இருந்த தனி வீடுகளில் இது நடந்திருக்கும். அப்போது ரயில் இல்லை. இப்போது ரயில் இருக்கிறது, வழவழத்த டைல்ஸில் பாதை வழுக்கி நகராமலிருக்க ஓரத்தில் செல்லோ டேப் ஒட்ட வேண்டியிருக்கிறது.

கட்டுவதில் எனக்குப் பிடித்த சிக்கல் ஜன்னல். ஐரோப்பிய செட்டில் வருவது மூடிய கண்ணாடி. நம் வண்டிக்குக் கம்பி வேண்டும், கதவே இல்லாத வாசல் வேண்டும், வாசல் நடுவில் பிடித்துத் தொங்க ஒரு கம்பம் வேண்டும். பையன் கார் முகப்புக்கான வரிவரியான துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஜன்னல் கம்பியாக்கினான். வாசலை வெறுமனே விட்டபோது பெட்டியின் பக்கச் சுவர் தளர்ந்து ஆடியது; மேலே நீளத் தகடு ஒன்று போட்டுக் கட்ட வேண்டி வந்தது. தகர ரயில்காரனுக்கு இந்தப் பாடம் கிடைத்ததே இல்லை. அவன் ரயிலில் ஜன்னலை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

இதற்குள் நிஜ வண்டி பொம்மையை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது. பெரம்பூர் ஐ.சி.எஃப். கட்டிய வந்தே பாரத் 2023 செப்டம்பரிலிருந்து எழும்பூருக்கும் திருநெல்வேலிக்கும் ஓடுகிறது, தாம்பரத்தில் நிற்கிறது. சரிந்த மூக்கு, நீளக் கண்ணாடி. 2025 ஏப்ரலில் பீச்–செங்கல்பட்டு தடத்தில் ஏ.சி. எலக்ட்ரிக் ட்ரெயினும் வந்தது. கதவு தானாக மூடும், ஜன்னலில் காற்று வராது. செட்டில் வந்த கண்ணாடி ஜன்னலையும் மூடிய கதவையும் அப்படியே வைத்தாலும் இனி அது தாம்பரம் வண்டிதான். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம். பையனுக்கு இல்லை, கண்ணாடி மாட்டுவது சுலபம் என்கிறான்.

நான்கு பெட்டிவரை அவன் வண்டி ஒழுங்காக ஓடியது. மோட்டாரின் சக்கரத்தில் ரப்பர் வளையம் இருக்கிறது, பேட்டரிப் பெட்டியின் எடை அதன்மேல் அழுத்துவதால் பிடிமானம் கிடைக்கும். ஐந்தாவது பெட்டியை மாட்டியதும் வளைவில் நடுப்பெட்டி உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. முன்னாலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் கயிறு நேராகத்தானே பார்க்கும். நிஜ எலக்ட்ரிக் ட்ரெயினில் மூன்று பெட்டிக்கு ஒன்றாக மோட்டார் கோச் வைப்பதைச் சொன்னேன். அடுத்த பிறந்தநாளுக்கு இன்னொரு மோட்டாரும் இன்னொரு பேட்டரிப் பெட்டியும் வந்தன. ரிமோட்டில் இரண்டையும் ஒரே நிறத்தில் சேர்த்தான். பின் மோட்டாரை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்று யோசிக்காமல் மாட்டியதால் முதலில் இரண்டும் எதிரெதிராக இழுத்து, நடுப்பெட்டிகளை இணைக்கும் காந்தம் பிரிந்து, வண்டி இரண்டு பாதியாகிப் பாதி சோபாவுக்கு அடியில் போனது. மோட்டாரைத் திருப்பி மாட்டினான். இப்போது ஏழு பெட்டி ஓடுகிறது. எட்டாவதுக்கு நீலக் கட்டை போதவில்லை.