நெஞ்சு இறுக்கம்: வாயு என்று முடிவு செய்வதற்கு முன்

நெஞ்சு இறுக்கத்துடன் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரிடம், அது எப்போது தொடங்கியது என்றே நாங்கள் முதலில் கேட்கிறோம். "நேற்று இரவே இருந்தது, வாயு என்று நினைத்துச் சோடா குடித்துப் படுத்துவிட்டேன்" என்னும் விடை எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களிலிருந்து வருவோருக்கு வழியிலேயே நேரம் செலவாகிறது. வீட்டிலும் அதை இழந்தால் எங்கள் கைக்கு மிஞ்சுவது சொற்பமே.

நெஞ்சு இறுக்கம் எல்லாமே மாரடைப்பு அன்று. இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் மேலேறினாலும், ஆஸ்துமாவோ நுரையீரல் தொற்றோ இருந்தாலும் நெஞ்சு இறுகும். அமிலத்தால் வரும் எரிச்சல் பெரும்பாலும் உணவுக்குப் பின்னும் குனியும்போதும் மிகும். ஓரிடத்தில் விரலால் அழுத்தினால் மிகும் வலி, தசையையோ விலா எலும்பையோ சார்ந்ததாக இருக்கக்கூடும். மாரடைப்பின் இறுக்கத்தை அவ்வாறு சுட்டிக்காட்டுவது அரிது. நோயாளர் உள்ளங்கை முழுவதையும் நெஞ்சின்மேல் வைத்துக் காட்டுவார். பாரம் ஏற்றியதுபோல் அழுத்தி, இடக்கை, தாடை, முதுகு எனப் பரவலாம். வியர்வையும் குமட்டலும் உடன்வரலாம்.

ஆயினும் இவ்வேறுபாடுகளைக் கொண்டு வீட்டிலேயே தீர்ப்புக் கூற வேண்டாம். மேல்வயிற்று எரிச்சலாக மட்டுமே வந்த மாரடைப்புகளையும் நாங்கள் கண்டிருக்கிறோம். இ.சி.ஜி. இன்றி எங்களாலேயே உறுதி கூற இயலாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் வலியே இல்லாமல், திடீர்க் களைப்பாகவோ மூச்சுத்திணறலாகவோ அது வரக்கூடும்.

முதல் இ.சி.ஜி. இயல்பாக இருந்தபின்னும் நோயாளரை நாங்கள் இருத்திவைப்பது உறவினர் சிலருக்கு எரிச்சலூட்டுகிறது. இதயத் தசை சேதமடையும்போது இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்னும் புரதம் உயர்வதற்குச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவேதான் மறுபடியும் இரத்தம் எடுக்கிறோம்.

எல்லாப் பரிசோதனைகளும் இயல்பாக அமைந்து, பதற்றமே காரணம் எனத் தெரியவருவதும் உண்டு. அத்தகையோரை 'நடிக்கிறாள்' என்று வீட்டார் ஏசுவது எங்களை வருத்துகிறது. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் இதயத் துடிப்பை விரைவுபடுத்துகிறது. மூச்சு வேகமாவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல்கள் மரத்து, நெஞ்சு இறுகுகிறது. அந்த வேதனை மெய்யானது. அதற்கும் சிகிச்சை உண்டு.

இறுக்கம் தொடங்கியதும் நோயாளரை நடக்கவிடாமலும், இருசக்கர வாகனத்தில் ஏற்றாமலும், 108 எண்ணை அழையுங்கள். தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகள் முதல் தவணையாகத் தரப்படுகின்றன. இரத்த உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 12 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். முதல் ஓரிரு மணி நேரத்தில் கிடைக்கும் பயன் பின்னர் கிடைப்பதில்லை.

பழைய இ.சி.ஜி. தாளும் மாத்திரை அட்டைகளும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் எடுத்து வாருங்கள். அவற்றைத் தேடுவதற்காகப் புறப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.