கடைமடை ஆறுகளின் நீரடி உயிர்வாழ்வு: காரைக்கால் பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்
காவிரிப் படுகையின் கடைமடையில் அமைந்த காரைக்கால் பகுதியின் ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. வற்றுதலும் பெருகுதலும் மாறிமாறி நிகழும் இவ்வாறுகளில் உயிரினங்கள் எவ்வாறு நிலைபெறுகின்றன என்பதையும், அவற்றிற்கு மேல்முனை நீர்வரத்தும் கீழ்முனைக் கடல்தொடர்பும் ஒருசேர இன்றியமையாதவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காரைக்கால், அரசலாறு, கடைமடை, விலாங்கு, தூர்வாருதல், கழிமுகம்.

முன்னுரை
புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், தமிழக மாவட்டங்களால் சூழப்பட்டு, கிழக்கே வங்கக் கடலை எல்லையாகக் கொண்டது. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராயனாறு, முல்லையாறு முதலியன இப்பகுதியில் பாய்கின்றன. வாளை, வரால், கெண்டை, ஆரல், அயிரை, கெளிறு, மலங்கு எனச் சங்க இலக்கியம் நன்னீர் மீன்களைப் பெயர் சுட்டிப் பேசுவதற்கு மருதநிலத்தின் நீர்வளமே அடிப்படை. அவ்வளத்தின் இன்றைய நிலையை அறிய, நீர்ப்பரப்பிற்குக் கீழே நிகழ்வனவற்றை அறிதல் வேண்டும்.

வற்றும் ஆறும் வற்றாத உயிரும்
மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுவது மரபு. எனவே பிப்ரவரி முதல் மே வரை கடைமடை ஆறுகள் பெரும்பாலும் மணற்பரப்பாகவும் ஆங்காங்கே தேங்கிய மடுக்களாகவும் சுருங்குகின்றன. இந்நான்கு மாதங்களையும் கடந்து வாழும் திறனே இங்குள்ள உயிரினங்களின் தனித்தன்மை.

தேங்கிய நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறையும்போது செவுள் சுவாசம் மட்டும் போதாது. வரால் தன் தலைப்பகுதியிலுள்ள காற்றறையாலும், தேளி உடலின் இருபுறமும் நீண்டுள்ள காற்றுப்பைகளாலும், பனையேறிக் கெண்டை செவுளுக்கு மேலமைந்த மடிப்புறுப்பாலும் வளிமண்டலக் காற்றை நேரடியாக ஏற்கின்றன. இவ்வியல்பு அறிவியல் உலகின் கவனத்தை ஈர்த்ததில் காரைக்காலுக்கு வடக்கே அண்மையிலுள்ள தரங்கம்பாடிக்குப் பங்குண்டு. அங்குப் பணியாற்றிய தால்டோர்ஃப் என்னும் டேனிய அலுவலர், 1791இல் ஒரு பனைமரத்தின் பட்டை இடுக்கில் இம்மீனைக் கண்டதாக எழுதிய குறிப்பு, 1797இல் இலண்டன் லின்னேயன் கழக வெளியீட்டில் இடம்பெற்றது. அம்மீன் தானே ஏறியதா, பறவை கொண்டுவந்து விட்டதா என்பது பின்னர் ஐயத்திற்குள்ளானது. எனினும், செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஈரநிலத்தில் அது நகர்ந்து வேறு நீர்நிலையை அடைவது உறுதிப்பட்ட செய்தி.

நத்தை தன் மூடியால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் கோடையுறக்கம் கொள்கிறது. நீர்த்தெள்ளு முதலிய நுண்ணுயிரிகளின் உறங்குமுட்டைகள் உலர்ந்த மண்ணில் காத்திருந்து, புதுநீர் வந்ததும் பொரிக்கின்றன. அந்நுண்ணுயிரிகளே மீன்குஞ்சுகளின் முதல் உணவு. ஆகவே கோடையில் வெறுமையாகத் தோன்றும் ஆற்றுப்படுகை, அடுத்த பருவத்தின் வித்துகளைத் தாங்கும் களஞ்சியமாகும்.

ஒன்றையொன்று சார்தல்
நன்னீர் மட்டியின் இளவுயிரி, மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிச் சிலகாலம் வாழ்ந்த பின்னரே படுகையில் இறங்கித் தனித்து வளர்கிறது. மட்டி நீரை வடிகட்டித் தெளிவாக்குகிறது. தெளிந்த நீரில் கதிரொளி ஊடுருவ, வேலம்பாசி போன்ற மூழ்குதாவரங்கள் செழிக்கின்றன. அவற்றினிடையே மீன்குஞ்சுகளும் தும்பியின் இளவுயிரிகளும் மறைவிடம் பெறுகின்றன. மீன் குறைந்தால் மட்டியும், மட்டி குறைந்தால் நீரின் தெளிவும் குறையும். நீர்ப்பரப்பை மூடும் ஆகாயத்தாமரையும், 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா என்னும் ஜிலேபிக் கெண்டையும் இச்சார்புத் தொடரைக் குலைக்கும் அயலினங்கள்.

கடலை நாடும் நன்னீர் உயிர்கள்
விலாங்கு தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆற்றில் கழித்து, இனப்பெருக்கத்திற்காக ஆழ்கடலுக்குச் செல்கிறது. கண்ணாடி போன்ற அதன் குஞ்சுகள் கழிமுகம் வழியே மீண்டும் ஆற்றை அடைகின்றன. நன்னீர் இறாலின் பெண் சினைமுட்டைகளைச் சுமந்து கழிமுகம் நோக்கி இறங்குகிறது. அதன் இளவுயிரி உவர்நீரில்தான் உயிர்பிழைக்கும். வளர்ந்த குஞ்சு நீரோட்டத்தை எதிர்த்து மேலேறுகிறது. இவ்விரண்டிற்கும் நன்னீரும் உப்புநீரும் தடையின்றிக் கலக்கும் வழி தேவை. அவ்வழி அடைபட்டால் விளைவது யாது என்பதற்குக் கடலிலிருந்து காவிரிக்குள் ஏறிவந்த உல்லம் மீன் சான்று. கொள்ளிடத்தின் கீழணையும் (1836) மேட்டூர் அணையும் (1934) எழுந்தபின் அதன் வலசைப்பாதை துண்டிக்கப்பட்டது. கடைமடை இயக்கு அணைகள் உப்புநீர் வயலுக்குள் ஏறாமல் காக்கின்றன. அப்பணி உழவர்க்கு இன்றியமையாதது. ஆயினும் அவற்றின் கதவுகள் நெடுநாள் மூடியிருப்பின், குஞ்சுகள் மேலேறும் பருவம் தவறிவிடும்.

நீர்ப்பங்கீடும் நீருயிர்களும்
காவிரி நடுவர் மன்றம் 2007இல் வழங்கிய இறுதித் தீர்ப்பில், மொத்தம் 740 டி.எம்.சி. நீரில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி., சுற்றுச்சூழல் பாதுகாப்பிற்கு 10 டி.எம்.சி., தவிர்க்கவியலாது கடலைச் சேரும் நீராக 4 டி.எம்.சி. என வகுக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் 2018இல் தமிழகம், கருநாடகம் ஆகியவற்றின் பங்கை மாற்றியபோதும் இவ்வளவுகள் மாறவில்லை. சுற்றுச்சூழலுக்கும் கடலுக்கும் உரியது மொத்த நீரில் நூற்றுக்கு இரண்டு பங்கிற்கும் குறைவு. கடலில் கலக்கும் நீர் வீண் என்னும் பொதுவழக்கு, கழிமுகத்தைச் சார்ந்து வாழும் விலாங்கையும் இறாலையும் கணக்கில் கொள்வதில்லை. நீர்ப்பற்றாக்குறை நிலவும் ஆண்டுகளில் முதலில் இழக்கப்படுவதும் இப்பங்கே.

முடிவுரை
காரைக்கால் ஆறுகளின் உயிர்வளம் மேல்முனையில் அணைத் திறப்பையும், கீழ்முனையில் கழிமுகத்தையும், இடையில் கோடைகால மடுக்களையும் சேற்றுப்படுகையையும் சார்ந்துள்ளது. தூர்வாரும் பணி அணைத் திறப்பிற்கு முந்தைய கோடையிலேயே நடைபெறுவதால், உறங்கும் உயிர்கள் மண்ணோடு அள்ளப்படும் வாய்ப்பு மிகுதி. ஆழ்ந்த மடுக்களை விலக்கித் தூர்வாருதல், படுகையின் ஒரு பகுதியை ஆண்டுதோறும் மாற்றி மாற்றித் தொடாமல் விடுதல், நன்னீர் வரத்து மிக்க நாள்களில் இயக்கு அணைக் கதவுகளைச் சிறிது திறந்துவைத்தல் ஆகியன பாசனத்திற்கு ஊறின்றி மேற்கொள்ளத்தக்கன. எந்த மடுக்கள் மே மாத இறுதிவரை நீர் தாங்குகின்றன என்பதை ஊர்தோறும் பதிவு செய்தல் இத்துறையில் அடுத்து நிகழ்த்தப்பட வேண்டிய ஆய்வாகும்.