கல்கத்தா துறைமுகத்தை முடக்கிய ‘எம்டன்’: இந்துமகா சமுத்திரத்தில் நடந்த 2 மாத வேட்டை

கொல்கத்தா: சென்னை மீது குண்டு வீசிய கப்பலாகவே தமிழர்கள் ‘எம்டன்’ கப்பலை நினைவில் வைத்துள்ளனர். ஆனால், அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் வங்கக் கடலில் முதலில் குறிவைத்தது கல்கத்தாவின் கடல் வாணிபத்தைத்தான். அந்நகரின் மீது ஒரு குண்டுகூட விழவில்லை. ஆயினும் சில நாள்களிலேயே அதன் துறைமுகம் முடங்கியது.

முதல் உலகப் போர் 1914-ஆம் ஆண்டு தொடங்கியபோது, சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த ஜெர்மானியக் கிழக்காசியப் படைப்பிரிவில் எம்டன் இடம்பெற்றிருந்தது. பத்து 10.5 செ.மீ. பீரங்கிகளைத் தாங்கிய அது பெரும் போர்க்கப்பல் அன்று. ‘குரூசர்’ எனப்படும் இலகுரக வகையைச் சேர்ந்தது. படைப்பிரிவு பசிபிக் கடலைக் கடந்து செல்ல முடிவு செய்தபோது, எம்டனை மட்டும் இந்துமகா சமுத்திரத்துக்கு அனுப்ப வேண்டுமென அதன் தலைவர் கார்ல் வான் முல்லர் கோரினார். தளபதி வான் ஸ்பீ அதற்கு இசைந்தார்.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். நான்கு புகைபோக்கிகளைக் கொண்ட பிரிட்டிஷ் குரூசரைப் போலத் தோற்றமளிக்க, போலியான நான்காவது புகைபோக்கி ஒன்று பொருத்தப்பட்டது.

ஹூக்ளி முகத்துவாரத்தில் பீதி

செப்டம்பர் 10-ஆம் தேதி வேட்டை தொடங்கியது. படைவீரர்களையும் குதிரைகளையும் ஏற்றுவதற்காகக் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குச் சென்றுகொண்டிருந்த ‘இண்டஸ்’ கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அடுத்த நாள் ‘லொவாட்’, பின்னர் நிலக்கரி ஏற்றிய ‘கில்லின்’, லண்டனுக்குத் தேயிலை கொண்டு சென்ற ‘டிப்ளமேட்’ ஆகியவை கடலுக்குள் சென்றன. கல்கத்தாவுக்கு மோட்டார் கார்களும் ரயில் எஞ்சின்களும் கொண்டுவந்த ‘கிளான் மாத்தேசன்’ கப்பலும் தப்பவில்லை.

கப்பலை மூழ்கடிக்கும் முன் அதிலிருந்தோரை எம்டன் பத்திரமாக வெளியேற்றியது. ‘கபிங்கா’ கப்பலின் சரக்கு நடுநிலை நாடான அமெரிக்காவுக்கு உரியது என்பதால், பிடிபட்ட மாலுமிகள் அதில் ஏற்றப்பட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்பிவைக்கப்பட்டனர். முல்லரின் இந்தப் பண்பை எதிரி நாட்டுப் பத்திரிகைகளே பாராட்டின.

எம்டனின் பலம் பீரங்கிகளில் மட்டும் இல்லை. அது தன் வானொலித் தந்திக் கருவியைப் பெரும்பாலும் மௌனமாக வைத்திருந்து, பிறர் அனுப்பும் செய்திகளை ஒட்டுக்கேட்டது. பிடிபட்ட கப்பல்களில் கிடைத்த செய்தித்தாள்களும் அதற்கு உதவின. எதிரியின் நடமாட்டம் எம்டனுக்குத் தெரிந்தது. எம்டன் இருப்பதோ எதிரிக்குத் தெரியவில்லை.

அந்த ரகசியத்தை உடைத்தது ‘லொரெடானோ’ என்ற இத்தாலியக் கப்பல். நடுநிலை நாட்டுக் கப்பல் என்பதால் முல்லர் அதைச் செல்ல அனுமதித்தார். எதிரே வந்த ‘சிட்டி ஆஃப் ரங்கூன்’ கப்பலை அது எச்சரிக்க, தகவல் கல்கத்தாவை எட்டியது. உடனே கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. தேயிலை, சணல், நிலக்கரி ஏற்றுமதியால் வாழ்ந்த துறைமுகம் ஸ்தம்பித்தது.

சென்னை முதல் பினாங்கு வரை

செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னையை நெருங்கிய எம்டன், பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கிடங்குகள் மீது சுமார் 130 குண்டுகளை வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் கப்பல் இருளில் மறைந்தது. அஞ்சிய மக்கள் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ள கல்வெட்டு இன்றும் அந்த இரவை நினைவூட்டுகிறது.

பிரிட்டனின் ‘ஹாம்ப்ஷயர்’, ‘யார்மவுத்’, ஜப்பானின் ‘சிகுமா’ உள்ளிட்ட கப்பல்கள் தேடியும் எம்டன் சிக்கவில்லை. அக்டோபர் 28-ஆம் தேதி பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யாவின் ‘ஷெம்சுக்’ குரூசரையும், வெளியேறும் வழியில் பிரான்சின் ‘மூஸ்கே’ போர்க்கப்பலையும் அது மூழ்கடித்தது.

ஒரு தந்தி, ஒரு தவறான கணிப்பு

நவம்பர் 9-ஆம் தேதி காலை, கோகோஸ் தீவுகளில் உள்ள தந்தி நிலையத்தைத் தகர்க்க முல்லர் சுமார் 50 பேரைக் கரையிறக்கினார். அவர்கள் கரையேறுவதற்குள், அறிமுகமற்ற கப்பல் ஒன்று வந்திருப்பதாக நிலைய ஊழியர்கள் வானொலித் தந்தியில் அபயக்குரல் எழுப்பினர். உதவிக்கு வரக்கூடிய கப்பல் எதுவும் அருகில் இல்லை என முல்லர் கணித்தார்.

உண்மை வேறாக இருந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிய கப்பல் அணி ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் சென்றுகொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த ‘சிட்னி’ குரூசர் கோகோஸ் நோக்கி விரைந்தது. கரையிறங்கியவர்களை ஏற்றிக்கொள்ளவும் நேரமின்றி எம்டன் போருக்குப் புறப்பட்டது.

முதலில் எம்டனின் குண்டுகளே இலக்கை எட்டின. ஆனால் சிட்னியின் வேகமும் 15.2 செ.மீ. பீரங்கிகளும் விரைவில் போரின் போக்கை மாற்றின. சிதைந்த கப்பலை முல்லர் வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் மோதி நிறுத்தினார். எம்டனில் 130-க்கும் மேற்பட்டோரும், சிட்னியில் 4 பேரும் உயிரிழந்தனர். முல்லர் சிறைபிடிக்கப்பட்டார். தீவில் விடப்பட்ட குழுவினர் ‘ஆயிஷா’ என்ற பாய்மரக் கப்பலைக் கைப்பற்றித் தப்பினர். அரேபியா வழியாக 1915-ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தனர்.

பிறரது செய்திகளைக் கேட்டே இரண்டு மாதங்கள் தப்பித்த கப்பலை, இறுதியில் ஒரு செய்தியே காட்டிக்கொடுத்தது. அது மூழ்கடித்தும் சிறைபிடித்தும் வைத்த வணிகக் கப்பல்கள் இருபதுக்கும் அதிகம். ஆனால், அது எங்கே இருக்கிறது என்று தெரியாத அச்சத்தால் துறைமுகங்களிலேயே முடங்கிய கப்பல்கள் அதைவிடப் பல மடங்கு. சாமர்த்தியமும் துணிச்சலும் மிக்கவரைக் குறிக்கத் தமிழில் இன்றும் வழங்கும் ‘எம்டன்’ என்ற சொல், அந்த அச்சத்திலிருந்தே பிறந்தது.