காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு: 'டே கேர்' அறுவை சிகிச்சையில் என்னதான் நடக்கும்?

அப்பாயின்மென்ட் அட்டையில் 'டே கேர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? அப்படியென்றால் காலையில் மருத்துவமனைக்குப் போய், அறுவை சிகிச்சை முடிந்து, அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். "ஒரே நாள்தானே, சின்ன ஆபரேஷன்தான்" என்று வீட்டில் எல்லாரும் ஈஸியா சொல்லுவாங்க.

ஆனால் ஒரே நாளில் முடிவது அறுவை சிகிச்சை மட்டும்தான். குணமாவதற்கு அதைவிட அதிக நாள் ஆகும். வார்டில் தாதியர் செய்கிற வேலையில் ஒரு பகுதி, முந்தைய இரவிலும் அடுத்த 24 மணி நேரத்திலும் உங்கள் வீட்டுக்கு மாறிவிடுகிறது. நோயாளி நீங்களாக இருந்தாலும் சரி, அம்மாவையோ பாட்டியையோ அழைத்துப் போகிறவராக இருந்தாலும் சரி, இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது.

எந்தெந்த ஆபரேஷன்?

கண்புரை, குடலிறக்கம், தோலுக்கு அடியில் வரும் கட்டி, ஞானப்பல் அகற்றுவது போன்றவை வழக்கமான உதாரணங்கள். இது புதிய யோசனையும் இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற மருத்துவர், கிட்டத்தட்ட 9,000 குழந்தைகளுக்கு இப்படி வெளிநோயாளியாகவே அறுவை சிகிச்சை செய்ததாக 1909-லேயே அறிவித்தார். இன்று வெட்டு சிறிதாகிவிட்டது. மயக்க மருந்தும் சீக்கிரம் தெளிகிறது. அதனால்தான் முன்பு பல நாள் படுக்க வைத்த சிகிச்சைகள்கூட ஒரு பகலுக்குள் முடிகின்றன.

மருத்துவமனைக்கும் இதில் லாபம் உண்டு. வார்டு படுக்கை இன்னொருவருக்குக் கிடைக்கும். ஆனால் நீங்கள் சரியாகத் தயாராகாமல் போய், கடைசி நேரத்தில் ஆபரேஷன் ரத்தானால், அந்த இடம் வேறு யாருக்கும் பயன்படாமல் வீணாகப் போகலாம்.

ஒரு வாய் டீ குடிச்சா என்ன?

மயக்க நிலையில் இருமல், விழுங்கல் போன்ற தற்காப்பு அசைவுகள் குறைந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பட்டினி இருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பொதுவான விதி இது: திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பு நிறுத்த வேண்டும். தே தாரிக்கில் பால் இருப்பதால் அது தண்ணீர்க் கணக்கில் வராது, உணவுக் கணக்கில்தான் வரும். எண்ணெய்ப் பலகாரம், நாசி லெமாக் மாதிரியான உணவு செரிக்க இன்னும் அதிக நேரம் ஆகும். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் மறைக்காதீங்க. சொன்னால் நேரமோ நாளோ தள்ளிப்போகும். மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான்.

சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது?

நம் வீடுகளில் இது முக்கியமான கேள்வி. 2019-ல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு.

சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். எடுக்காமலே விட்டால் ஏறிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை, உதாரணமாக வார்ஃபரின், குளோப்பிடோகிரல் போன்றவற்றை, நீங்களாக நிறுத்தவும் கூடாது, யோசிக்காமல் தொடரவும் கூடாது. முன்பரிசோதனைக்குப் போகும்போதே எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து, உடல் எடையைக் குறைக்கும் ஊசி எல்லாமே அதில் சேரும். எதை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் ஒரே கேள்வியை மறுபடியும் மறுபடியும் கேட்கிறார்கள்?

பெயர் என்ன, ஐசி எண் என்ன, எந்தக் கண், எந்தப் பக்கம்? பதிவு முகப்பில் கேட்பார்கள், தாதி கேட்பார், மருத்துவர் கேட்பார், ஆபரேஷன் அறையிலும் கேட்பார்கள். எரிச்சல் வேண்டாம். ஆள் மாறாமலும் பக்கம் மாறாமலும் இருக்க, உலகச் சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுப்பதற்கு முன், வெட்டுவதற்கு முன், அறையை விட்டு வெளியேறுவதற்கு முன் என்று மூன்று கட்டங்களில் சரிபார்ப்பார்கள். எந்த இடம் என்று பேனாவால் உடம்பில் குறியிடுவதும் இதற்காகத்தான்.

சம்மதப் படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். பாட்டிக்குப் புரியவில்லையென்றால் நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளர். "ஒண்ணுமில்ல பாட்டி, கையெழுத்துப் போடுங்க" என்று முடித்துவிடாதீர்கள். என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதை மருத்துவர் சொன்னபடியே தமிழில் சொல்லுங்கள். பாட்டி கேட்கும் கேள்வியையும் மருத்துவரிடம் அப்படியே கொண்டுபோங்கள். முடிவு பாட்டியுடையது.

நகை, நகப்பூச்சு எல்லாம் வீட்டிலேயே நீக்கிவிடுவது நல்லது. தாலியைக் கழற்ற மனசில்லாதவர்கள் முன்பரிசோதனையின்போதே அதைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டுவிடுங்கள். ஆபரேஷன் அறை வாசலில் அந்தப் பேச்சு வேண்டாம்.

உள்ளே எப்படி இருக்கும்?

எல்லா ஆபரேஷனுக்கும் முழு மயக்கம் தேவையில்லை. கண்புரைக்குப் பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்க வைப்பார்கள். விழித்துத்தான் இருப்பீர்கள். வெளிச்சம் தெரியும், பேச்சுக் கேட்கும், தண்ணீர் வழிவது போல இருக்கும். இருமல் வந்தாலோ வலித்தாலோ அசைவதற்கு முன் வாயால் சொல்லுங்கள். அறை குளிராக இருக்கும், கேட்டால் போர்வை தருவார்கள்.

முழு மயக்கம் என்றால், விழித்த பிறகு தொண்டை கரகரப்பு, குமட்டல், நடுக்கம் வரலாம். ரத்த அழுத்தம் சீராகி, வலி கட்டுக்குள் வந்து, நிதானமாக நடக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். ஒத்துவரவில்லையென்றால் அன்றிரவு வார்டில் தங்க வேண்டிவரும். அதற்கும் மனதளவில் தயாராக இருங்கள்.

நானே கிராப் பிடிச்சுப் போயிடலாமா?

முழு மயக்கமோ தூக்க ஊசியோ கொடுத்திருந்தால் கூடாது. பொறுப்பான பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும், அன்றிரவு கூடவே இருக்கவும் வேண்டும். உங்களுக்குத் தெளிவாக இருப்பது போலத் தோன்றினாலும், மருந்தின் மிச்சம் கவனத்தையும் வேகத்தையும் குறைத்திருக்கும். குறைந்தது 24 மணி நேரத்துக்குக் கார், மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது, முக்கியமான ஆவணத்தில் கையெழுத்திடக்கூடாது. மறுநாள் விடியற்காலையில் மோட்டாரில் கடற்பாலம் தாண்டி வேலைக்குப் போகும் திட்டம் இருந்தால் அதை இப்போதே மாற்றுங்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்நாட்டு விதிப்படி, சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்புக்கு அங்கு பதிவுபெற்ற மருத்துவரின் எம்சி வேண்டும். ஜொகூரில் வாங்கிய எம்சியை ஏற்பது முதலாளியின் விருப்பம். ஆபரேஷன் தேதிக்கு முன்பே நிறுவனத்திடம் பேசிவிடுங்கள்.

தூரமும் முக்கியம். சிகாமட்டிலிருந்தோ மெர்சிங்கிலிருந்தோ ஜொகூர் பாருவுக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டால், இரவு ஏதாவது ஆனால் திரும்பி வர இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். முதல் இரவு மட்டும் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஊரில் அவசரப் பிரிவு எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்?

லேசான வலியும் வீக்கமும் வழக்கம்தான். கட்டு நனையும் அளவுக்கு ரத்தம், நிற்காத வாந்தி, காய்ச்சல், மாத்திரைக்கு அடங்காத வலி, சிறுநீர் கழிக்க முடியாமை, கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை திடீரென மங்குவது: இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறல் வந்தால் உடனே 999.

வீடு திரும்பும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் பிரச்சினை என்றால் எந்த எண்ணுக்கு அழைப்பது? கட்டை எப்போது பிரிப்பது, எப்போது குளிக்கலாம்? அடுத்த சந்திப்பு என்றைக்கு? கூட வந்தவரையும் கேட்கச் சொல்லுங்கள். மயக்கம் தெளியும்போது கேட்டது பாதி மறந்துபோகும், அன்றிரவு நினைவில் வைத்திருக்கப் போவது அவர்தான்.