வாடகையும் வாக்குரிமையும்

சேலையூரில் வாடகைக்கு வீடு தேடிச் செல்பவரை முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, "பாமிலியா, பாச்சிலரா?" என்பதேயாகும். ஒன்றாக வாழ உறுதி பூண்ட இரு ஆடவரோ, இரு பெண்டிரோ இதற்கு என்ன விடை அளிப்பர்? உண்மையைச் சொன்னால் வீடு கிடைப்பதரிது. மறைத்தால் அச்சம் அகல்வதில்லை. தன்பாலீர்ப்புடைய பிரஜைகளின் வாக்கை எது நிர்ணயிக்கிறது என்று ஆராயப் புகுவோர் இக்கேள்வியிலிருந்து தொடங்குவதே முறை.

இவர்கள் வேண்டுவது கல்யாண உரிமை ஒன்றே என்றும், அதை வாக்களிக்கும் கட்சிக்கே இவர்களுடைய ஓட்டு என்றும் சிலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. 2008-ம் வருஷத்து அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், இவர்களில் சுமார் நான்கில் ஒருவர், ஒருபால் மணத்தை ஆதரிக்காத குடியரசுக் கட்சி அபேட்சகருக்கே வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கணிப்பு காட்டிற்று. மெப்ஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் அயலாருக்குள்ள சம்பளக் கவலையும் விலைவாசிக் கவலையும் இவர்களுக்கும் உண்டென்பதில் வியப்பென்ன?

ஆயினும் இவர்களுடைய கவலை அயலாருடையதைவிடக் கனமானது. 2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இவர்கள் மீதிருந்த குற்றப் பழியை நீக்கியது. 2023 அக்டோபர் 17-ந் தேதி அதே கோர்ட்டு, திருமண உரிமை வழங்க மறுத்து, அதைச் சட்டசபைகளின் பொறுப்பில் விட்டது. இதன் பலன் யாது? மனைவிக்குக் கணவன் அளிக்கும் பணத்துக்குப் பரிசு வரி இல்லை. ஒருபால் துணைவர் வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அளித்தால், பெறுபவர் வரி செலுத்த வேண்டும். சர்க்கார் ஊழியர் இறந்தால் குடும்பப் பென்ஷன் துணைவருக்கு இல்லை. உயில் இல்லையேல் சொத்து முழுவதும் இரத்த உறவினரைச் சேரும்.

2024-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார், இத்தகைய துணைவர்கள் பாங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், ஒருவரையொருவர் நியமனதாரராகக் குறிக்கலாம், ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கருதப்படலாம் என அறிவித்தது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் நியமனதாரர் வாரிசு அல்லர். பணத்தைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பே அவருக்குண்டு.

2024-ம் வருஷப் பார்லிமெண்டுத் தேர்தலில் காங்கிரஸ், மார்க்ஸிஸ்ட் கட்சிகள் இவர்களுடைய இணைவுக்குச் சட்ட அங்கீகாரம் தருவதாக அறிக்கையில் கூறின. அவை டில்லியில் ஆட்சி அமைக்கவில்லை. ஆனால் மார்க்ஸிஸ்ட் அறிக்கை வாரிசுரிமை முதலியவற்றை எடுத்துரைத்தது கவனிக்கத்தக்கது. 2025 மே மாதம் சென்னை ஹைகோர்ட்டும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறியுள்ளது.

ஆகவே தாம்பரம் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வரும் அபேட்சகர்களுக்கு நாம் கூறுவது இதுதான். உரிமை வேறு, வயிற்றுப்பாடு வேறு என்று பிரித்துப் பேசாதீர்கள். இவர்களுக்கு இரண்டும் ஒன்றே. வாக்காளர் பட்டியல் இவர்களைத் தனியே காட்டாது, காட்டவும் வேண்டாம். கணக்கில் தோன்றாதவர் என்பதால் இவர்களுடைய வாடகையும் பென்ஷனும் வாரிசும் உங்கள் கவனத்துக்கு அப்பாற்பட்டவையாகிவிடா. அவற்றுக்கு என்ன செய்வீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.