வாழ்வை வெறுத்த உள்ளத்திற்கும் வைத்தியம் உண்டு



நம் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் நாம் நேரகாலம் பார்ப்பதில்லை. நள்ளிரவாயினும் வாகனம் ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்தியசாலைக்கு விரைகின்றோம். அவ்வேளையில் நோயாளியின் ஈமானைப் பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை. ஆனால் அதே வீட்டில் முப்பது வயது மகனொருவர் மூன்று வாரங்களாக உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, கடைக்கும் செல்லாமல் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கிடந்து, "நான் இருந்து யாருக்கு என்ன பயன்?" என்று சொல்லத் தொடங்கினால் நாம் என்ன செய்கின்றோம்? "ஒழுங்காகத் தொழுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கின்றோம். அல்லது தண்ணீர் ஓதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கின்றோம். திருமணப் பேச்சு நடைபெறும் வீடாயின் கதவையும் சாத்திக்கொள்கின்றோம்.

தொழுகையும் துஆவும் உள்ளத்திற்கு ஆறுதல் தருபவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நாம், மனச்சோர்வு என்ற இந்த ஒரு நோயை மாத்திரம் அந்தக் கட்டளையிலிருந்து விலக்கி வைத்திருப்பது எவ்வகையில் நியாயமாகும்?

கவலை வேறு, மனச்சோர்வு நோய் வேறு. வியாபாரத்தில் நட்டம் ஏற்பட்டால் கவலை வரும். ஜனாஸா நடந்த வீட்டில் துக்கம் இருக்கும். அது நாளடைவில் தணியும். மனச்சோர்வு நோயோ இரண்டு வாரங்களுக்கும் மேலாக, நாளின் பெரும்பகுதி முழுவதும் மனிதனை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். முன்னர் விரும்பியவை எவற்றிலும் மனம் ஒட்டாது. உறக்கம் கெடும், அல்லது எந்நேரமும் உறக்கமே வரும். பசி குறையும். சிறு வேலையும் மலையாகத் தோன்றும். செய்யாத குற்றத்திற்கெல்லாம் தன்னையே நொந்துகொள்வார். குர்ஆனைத் திறந்தால் ஒரு பக்கம்கூட மனதில் நிற்காது. அதைக்கண்டு "அல்லாஹ் என்னைக் கைவிட்டுவிட்டான்" என்று மேலும் உடைந்துபோவார். இது ஈமானின் குறையன்று, நோயின் அடையாளம். நம் சமூகத்தில் பலர் மனவேதனையைச் சொல்லத் தெரியாமல் தலைவலி, நெஞ்சடைப்பு, உடம்பு எரிவு என்றே வைத்தியரிடம் முறையிடுகின்றனர் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இது மேற்கத்தியர் கண்டுபிடித்த புதுக்கதை என்று எண்ணுவோரும் உளர். கி.பி. 934 இல் மரணித்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலினதும் உள்ளத்தினதும் நலன் பற்றி எழுதிய நூலில், காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாமல் வந்து கவியும் துக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னையதைப் பேச்சினாலும் சிந்தனையைத் திருத்துவதினாலும் ஆற்றலாம் என்றும், பின்னையது உடலில் இருந்து பிறப்பதால் உடலுக்கும் மருத்துவம் செய்யவேண்டும் என்றும் அவர் கருதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் அறிந்திருந்ததை இன்று நாம் மறந்திருக்கின்றோம்.

இந்நோயின் மிகப் பெரிய ஆபத்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமாகும். நம் நாட்டில் ஆண்டொன்றுக்கு 3000 பேரளவில் தற்கொலையால் இறக்கின்றனர். முஸ்லிம்களிடத்தில் இது நிகழாது என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். தற்கொலை ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் எவருமில்லை. அதை நன்கு அறிந்த நோயாளியே, தன் எண்ணத்தை வெளியில் சொன்னால் என்ன பேச்சுக் கேட்கவேண்டி வருமோ என்று அஞ்சி வாய்மூடி இருக்கின்றார். அந்த மௌனமே ஆபத்தைக் கூட்டுகின்றது.

ஆகவே கேட்க வேண்டும். நேரடியாகவே கேட்க வேண்டும். "மகன், இனி வாழவே வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றுகின்றதா?" என்று உம்மா கேட்கலாம்; தம்பியிடம் நானா கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தையும் ஊட்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகின்றனர். அவ்வாறு நிகழ்வதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாறாக, கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலடைகின்றார். "ஆம்" என்று அவர் சொன்னால் பதறவேண்டாம், ஏசவேண்டாம், நரகத்தைப் பற்றி உபதேசிக்கவும் வேண்டாம். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அருகிலேயே இருங்கள். எப்படி, எப்போது என்று திட்டமிட்டிருக்கின்றாரா, முன்னர் எப்போதேனும் முயன்றிருக்கின்றாரா என்பதை அறிந்துகொள்ளுங்கள். திட்டமிருந்தால் ஒரு கணமும் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

வாலிபர்களே, இது உங்கள் பெற்றோருக்கும் பொருந்தும். கடனில் சிக்கிய வாப்பா திடீரெனத் தன் பொருட்களைப் பங்கிட்டுக் கொடுப்பதும், எல்லோரிடமும் மஃபு கேட்பதும், நெடுநாள் கலக்கத்தின் பின் காரணமின்றி அமைதியாகிவிடுவதும் கவனிக்கவேண்டிய அடையாளங்கள். பிள்ளைப்பேற்றின் பின் ஓயாமல் அழும் ராத்தாவை "பச்சை உடம்பு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் மருத்துவ மாதுவிடமே அதனைச் சொல்லலாம்.

வைத்தியசாலையில் என்ன நடக்கும்? நம்மவர் பலரின் அச்சம் இங்கேதான் இருக்கின்றது. போதனா வைத்தியசாலைகளிலும் பெரும்பாலான ஆதார வைத்தியசாலைகளிலும் மனநல கிளினிக்குகள் இயங்குகின்றன. அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. வைத்தியர் முதலில் நீண்ட நேரம் பேசுவார். தைரொய்ட் சுரப்பிக் கோளாறும் இரத்தச்சோகையும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை கேட்கலாம். முன்னர் எப்போதேனும் உறக்கமே தேவைப்படாத அளவு மிதமிஞ்சிய உற்சாகம் இருந்ததா என்றும் விசாரிப்பார். இருந்திருந்தால் அது வேறொரு நோய், சிகிச்சையும் வேறு. ஆதலால் இக்கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லவேண்டும். ஆபத்து அதிகமெனக் கண்டால் சில நாட்கள் வார்டில் தங்க வைப்பார். அது நோயாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாடே.

மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியுள்ளது. ஃபுளுவொக்ஸெட்டீன், சேர்ட்ரலீன் போன்ற மருந்துகள் பனடோல் போன்று ஒரு மணித்தியாலத்தில் வேலை செய்பவையல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும்; முழுப்பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். ஆரம்ப நாட்களில் குமட்டலோ படபடப்போ வரலாம். குறிப்பாக 25 வயதுக்குட்பட்டோரில் சிலருக்கு முதல் வாரங்களில் அமைதியின்மையும் சாவெண்ணமும் கூடக்கூடும். எனவே அந்நாட்களில் வீட்டார் கூடுதலாகக் கவனித்து, மாற்றம் கண்டால் உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டும். சுகம் கண்டதும் மருந்தை நிறுத்திவிடுவதே நம்மவர் அதிகம் செய்யும் காரியம். குணமடைந்த பின்னரும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்ந்தால்தான் நோய் திரும்பிவரும் வாய்ப்புக் குறையும். இவை போதைப்பொருள் போன்று அடிமையாக்குபவையல்ல. ஆயினும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரும் என்பதால் வைத்தியர் சொல்கின்றபடி படிப்படியாகவே குறைக்கவேண்டும்.

நோன்பு மாதத்தில் மருந்தைக் கைவிடுவோரும் உளர். நாளொன்றுக்கு ஒரு தடவை எடுக்கும் மருந்தை ஸஹரிலோ இஃப்தாரின் பின்னரோ எடுக்கும்படி வைத்தியர் மாற்றித் தருவார். லிதியம் எடுப்பவர் மாத்திரம் விசேட கவனத்துடன் இருக்கவேண்டும். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லிதியத்தின் அளவு ஆபத்தான மட்டத்துக்கு உயரலாம். நோன்பு நோற்பதா இல்லையா என்பதை அவர் ரமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இத்தகையோருக்கும் உரியதே. மருந்துக் கூட்டின் ஜெலட்டின் பற்றிச் சந்தேகப்படுவோர் மருந்தை வீசிவிடாமல் வைத்தியரிடம் சொன்னால் கூடில்லாத மாத்திரையாகத் தரமுடியுமா என்று பார்ப்பார்.

மருந்தோடு பேச்சுச் சிகிச்சையும் உளவளத்துணையும் சேரும்போது பலன் கூடும். உண்ணவும் மறுத்து உயிருக்கே ஆபத்தான நிலையில் இருப்போருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை அளிக்கப்படுவதுண்டு. திரைப்படங்களில் காட்டப்படும் கொடுமை அதுவல்ல. மயக்க மருந்து கொடுத்துச் சில நிமிடங்களில் செய்து முடிக்கப்படும் அச்சிகிச்சை, கடுமையான மனச்சோர்வுக்கு இன்றுள்ளவற்றில் மிக விரைவாகப் பலன் தருபவற்றுள் ஒன்று. சிறிது காலம் ஞாபகமறதி இருக்கலாம்.

வீட்டிற்கும் ஒரு கடமை உண்டு. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலைபோல் உச்சத்திற்கு எழுந்து பின் தணிவது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பும். இதற்கு நம் நாடே சான்று. 1995 இல் இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதம், கொடிய விவசாய நஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டபின் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கியது. ஆகவே வயலுக்கு வாங்கிய நஞ்சு வீட்டுக்குள் இருக்கலாகாது. நோயாளியின் மாத்திரைகளை மற்றொருவர் பூட்டி வைத்து அன்றாடம் எடுத்துக் கொடுக்கவேண்டும். வைத்தியருடன் சேர்ந்து ஒரு தாளில் எழுதி வைப்பதும் நன்று: எண்ணம் வரும்போது முதலில் தோன்றும் அறிகுறி என்ன, எதைச் செய்தால் மனம் சற்றுத் திரும்பும், யாரை அழைக்கலாம், எந்த வைத்தியசாலைக்குச் செல்வது என்று.

வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்களே மிக ஆபத்தானவை. "சுகமாகிவிட்டார்" என்று எல்லோரும் கலைந்து செல்லும் நேரம் அது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தோரிடம் கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நாடுகளின் நகரங்களில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2008 இல் வெளியானது. வழமையான சிகிச்சையுடன், ஒரு மணிநேரம் விளக்கிப் பேசி, பின்னர் பதினெட்டு மாதங்களில் ஒன்பது தடவைகள் தொலைபேசியிலோ நேரிலோ விசாரிக்கப்பட்டோரில் தற்கொலையால் இறந்தோர் 0.2 வீதம், அவ்வாறு விசாரிக்கப்படாதோரில் 2.2 வீதம். நோய் விசாரிப்பதை ஒரு முஸ்லிமின் உரிமையெனப் படித்த நாம், வேறு நோயாளிகளிடம் பழக்கூடையுடன் செல்கின்றோம். இவரிடம் மாத்திரம் செல்லத் தயங்குகின்றோம்.

பொலிஸ் வழக்கு வரும் என்று அஞ்சி முயன்றவரை வீட்டிலேயே மறைத்து வைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அதேபோன்று, இந்நோயால் ஒருவரை இழந்த வீட்டாரை ஜனாஸாவின்போதே ஊர் ஒதுக்கி வைப்பதும் தகாது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி அவரும் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவிக்கப்பட்டே அடக்கப்படுவார். எஞ்சியிருக்கும் மனைவி மக்களும் நோய்வாய்ப்படக்கூடியவர்கள் என்பதால் அவர்களைத் தனியே விடலாகாது.

யாரிடம் செல்வதென்று தெரியாதவர் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவிலும் பகலிலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிராபத்தான அவசரமாயின் 1990 இல் அம்பியூலன்ஸ் வண்டி இலவசமாக வரும். முதல் தடவை கிளினிக் செல்லும்போது, முன்னர் எடுத்த மருந்துகளின் துண்டுகளையும், எப்போது என்ன மாற்றம் தொடங்கியது என்று எழுதிய தாளையும் கொண்டு செல்லுங்கள். நோயாளியுடன் வீட்டார் ஒருவரும் செல்லட்டும். அவர் தனியே வைத்தியரிடம் பேச விரும்பினால் வெளியில் காத்திருங்கள்.