உடலுக்குள் உறையும் கட்டு

நம் வட்டாரத்தில், ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்யும் பேண்டேஜ் துணி வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் வரை போகிறது. அந்த ஆஸ்பத்திரிகளிலோ வைத்தியம் துணியைத் தாண்டத் தொடங்கிவிட்டது.

ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றியெடுக்கும் காஸ் துணியை, தையல் போடுமுன் நர்ஸ் ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்க்க வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் சீழ், மறுபடி ஆபரேஷன். அதற்காகவே எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் இழை ஒன்றைத் துணியில் சேர்க்கிறார்கள். உடலுக்குள் ஊசியால் ஏற்றும் ஹைட்ரோஜெல்லுக்கு அந்தக் கணக்கே வேண்டாம். இரண்டு குழல்களில் இருக்கும் கரைசல்கள் ஊசிமுனையில் கலந்து உள்ளே போய், நொடிகளில் இறுகி, நீர் நிறைந்த மெத்தென்ற கட்டியாக நிற்கும். வேலை முடிந்ததும் தானே கரைந்துவிடும். மூளை உறையில் போட்ட தையல் கசியாமல் அடைக்க இப்படியொரு ஜெல்லை அமெரிக்கா 2005-லேயே அனுமதித்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது மலக்குடல் புண்ணாகாமலிருக்க, இரண்டுக்கும் நடுவே ஜெல்லை ஏற்றிச் சுமார் 1 சென்டிமீட்டர் விலக்கி வைக்கிறார்கள். 3 மாதம் தாங்கும்; 6 மாதத்தில் கரையும்.

நம்மவர்களுக்கும் இந்த வித்தை தெரியும். அதே 2005-ல் திருவனந்தபுரத்து ஆய்வாளர்கள், பக்குவப்படுத்திய ஆல்ஜினேட்டையும் ஜெலட்டினையும் துளி வெண்காரத்தோடு சேர்த்து, ஊசியில் ஏற்றி உறையவைக்கும் ஜெல்லைச் செய்து காட்டினார்கள். ஆல்ஜினேட் எங்கிருந்து வருகிறது? மண்டபம் கரையோரப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கும் கட்டக்கோரைப் பாசியில் இருக்கிறது.

பாசி நம் கடலில், துணி நம் தறியில். ஆனால் பெரிய விலைக்கு விற்கும் ஜெல் ஊசி மட்டும் வெளியிலிருந்து வர வேண்டுமா? என்னை அரிக்கும் கேள்வி இதுதான். காயத்துக்கு என்றைக்கும் துணி வேண்டும் என்பார்கள் தறிக்காரர்கள். வேண்டும்தான், ஆனால் மீட்டர் கணக்கில் பைசா லாபம் பார்க்கும் தொழிலில் அடுத்த தலைமுறை நிற்காது.

தறியிலிருந்து ஜெல்லுக்கு மாறுவதும் எளிதல்ல. நம் நாட்டின் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி, ஆபத்து குறைந்த ஏ, பி வகுப்புப் பொருள்களைத் தயாரிக்க மாநில அளவிலேயே உரிமம் கிடைக்கும். உடலுக்குள் கரையும் பொருளுக்கு டி வகுப்பு; உரிமம் டெல்லியில். கிருமியற்ற அறை, விலங்குச் சோதனை, மனிதரிடம் சோதனை என்று செலவு நீளும். பத்துத் தறி வைத்திருப்பவரால் தனியாக அதில் இறங்க முடியாது. சத்திரப்பட்டிக்கென்று ஒரு பொதுச் சோதனைக்கூடமும், அதை நடத்த நம் கல்லூரிகளில் பாலிமர் வேதியியல் படித்த பிள்ளைகளும் வேண்டும். முதலில் ஜெல் பூசிய காயத்துணியில் தொடங்கலாம். ஊசி அடுத்து வரட்டும்.